மிருதங்க வித்வான் அல்ல

சனிக்கிழமையானால் போதும், யாராவது வந்து கேட்டைத் தட்டுகிறார்கள். "அக்கா, அண்ணனோட டிரம் செட்ட பாத்துட்டுப் போலாமா லா?" செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயிலுக்குள் வருவதுபோல வருகிறார்கள். ஹாலில் பாதியை அடைத்துக்கொண்டிருக்கும் இறந்துபோன என் கணவரின் டிரம்ஸுக்கு முன்னால் நின்று அழுகிறார்கள். எங்கள் கும்பகோணத்தில் துக்கம் கேட்க வருகிறவர்கள் நமக்கு ஆறுதல் சொல்வார்கள். இங்கே நான் தேத்தண்ணி கலக்கிக் கொடுத்து அவர்களைத் தேற்ற வேண்டியிருக்கிறது.

கல்யாணம் பேசும்போது, மாப்பிள்ளை மலேசியாவில் வாத்தியம் வாசிப்பவர் என்றார் தரகர். அப்பா தாமாகவே மிருதங்கம் என்று முடிவு செய்துகொண்டார். ஈப்போ பக்கத்துச் செமோரில் அவர் வீட்டுக்குள் வலது காலை வைத்து நுழைந்தபோது பித்தளைத் தட்டுகளும் பீப்பாய்களுமாக இதைத்தான் பார்த்தேன். கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர், ஈப்போவின் ராக் இசைக்குழுவுக்கே உயிர் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கோ தலைவலிதான் வந்தது. நிறுத்துங்கள் என்று நான் கத்தாத நாளில்லை.

அவருக்கு ஈப்போவில் நினைவுக்கூட்டம் வைத்தார்கள். கிட்டார் வாசிக்கும் வோங் சீனர்; கோப்பெங்கில் தமிழர்களோடு வளர்ந்ததால் தமிழ் பேசுவார். என்னை மேடைக்குக் கூப்பிட்டு, "இந்தியாக்காரவங்க எல்லாம் பாடுவாங்கதானே? ஒன்னு பாடுங்க அக்கா" என்றார். எனக்குப் பாட வராது என்றேன். துக்கத்தில் குரல் வரவில்லை என்று புரிந்துகொண்டு, அதையே எல்லோருக்கும் அறிவித்துவிட்டார். பிறகு வேறொருவர் டிரம்ஸில் உட்கார வாசித்தார்கள். நன்றாகத்தான் அடித்தார். ஆனால் பாட்டு திரும்புகிற இடத்தில் என் கணவர் ஒரு மூச்சு பொறுத்துத்தான் அடிப்பார்; இவர் பொறுக்கவில்லை. திட்டிக்கொண்டே கேட்ட பாட்டு இத்தனை வருஷத்தில் எனக்குள் இப்படிப் பதிந்து கிடக்கிறதே என்று என்மீதே எரிச்சல் வந்தது. அப்போதுதான் முதல்முறையாக அழுதேன்.

மறுநாள் ஊரிலிருந்து தம்பி ஒரு படம் அனுப்பினான். எங்கள் தெருவில் கண்ணீர் அஞ்சலி பேனர். 'மலேசியா புகழ் மிருதங்க வித்வான்' என்று போட்டிருந்தது. படத்தில் டிரம்ஸ் குச்சி பிடித்த கைகளை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் வைத்திருந்தான். உடனே போன் போட்டேன்.

"மிருதங்கம்னா நாலு பேரு மதிப்பான்க்கா. டிரம்முன்னு போட்டா, சாவுக்கு அடிக்கிறவரான்னு கேப்பான்."

"கேக்கட்டும். அடிக்கிறவருக்கு மட்டும் என்ன கொறச்சல்? உங்க மாமா மிருதங்கத்தத் தொட்டதே இல்லடா. பால்மரம் வெட்டுனவங்க புள்ள, ராக் டிரம்மர். அதப் போடு. இல்லன்னா அவுத்துடு."

ஊரைவிட்டுப் போனவளுக்கு ஊர் நிலவரம் என்ன தெரியும் என்று அவன் இழுத்தான். இங்கே இந்தியாக்காரி, அங்கே ஊரைவிட்டுப் போனவள். எனக்கு இருந்த கோபத்தில் போனை வைத்துவிட்டேன்.

நான்கைந்து நாள் கழித்து இன்னொரு படம் வந்தது. புது பேனர். 'ராக் டிரம்மர்' என்று பெரிய எழுத்தில் இருந்தது; கையில் குச்சிகளோடு சிரித்துக்கொண்டிருந்தார். மகள் நித்யா போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கினாள்.

"பின்னால இருக்கே, அது என்ன கடைம்மா?"

நான் பிறந்த வீட்டுக்கு எதிர்ச்சாரி அது. வெகுநேரம் உற்றுப் பார்த்தும் என்ன கடை என்று எனக்குத் தெரியவில்லை. அந்தத் தெருவில் எனக்கு அடையாளம் தெரிந்தது அவர் முகம் ஒன்றுதான்.