அக்கா முதலில் பார்த்த படம்

அன்றைக்கென்று பார்த்து நான் இருக்கும் ராஜபாளையத்தில் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு. காலையிலேயே கரண்ட் போய்விட்டது. மதியம் இரண்டரைக்கு வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஆய்வுக்குழுவோடு இணையவழிக் கூட்டம். என் நான்கு வருட உழைப்பு பலித்ததா, பாழா என்பது அதில்தான் தெரியப்போகிறது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் அக்கா வீட்டில் போய் நின்றேன்.

புரோட்டான்களை அசுர வேகத்தில் மோதவிட்டால், அபூர்வமாக டாப் குவார்க் என்ற துகள்கள் நான்கு ஒன்றாகப் பிறக்கலாம். புரோட்டானோ பொடிசு, ஒரு டாப் குவார்க் மட்டுமே கிட்டத்தட்ட ஒரு தங்க அணுவின் கனம். மோதுகிற சக்திதான் அப்படி எடையாக மாறுகிறது. ஆனை காணாமல்போனால் குடத்துக்குள் கைவிட்டுத் தேடுவார்கள் என்பார்களே, என் பிழைப்பே அதுதான்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மோதல் பதிவுகளில் விடை இருக்கும் பகுதியை நாங்களே பார்க்காமல் மூடி வைத்திருப்போம். இல்லாவிட்டால் ஆசைக்குத் தக்கபடி கணக்கை வளைக்கத் தோன்றும். முறை சரிதான் என்று குழு ஒப்புக்கொண்டு, திறக்க அனுமதியும் வந்துவிட்டது. ஆனால் எல்லோரும் சேர்ந்துதான் பார்க்க வேண்டும். புரோகிராம் ஓடி முடிய நேரமாகுமே என்று முன்னதாகவே ஓடவிட்டு, சாப்பிட்ட கையைக் கழுவப் போனேன்.

"ஏட்டி, என்னமோ படம் வந்திருக்கு," என்றாள் அக்கா.

"பாக்காத. மூடு."

"பாத்துட்டேனே."

மூடிவிட்டாள். உலகத்திலேயே அந்த விடையைப் பார்த்த ஒரே ஆள் இப்போது துணிக்கடை நடத்தும் என் அக்கா. எனக்குச் சிரிப்பு வந்தது.

"என்ன இருந்துச்சுன்னு சொல்லிறவா?"

"வாயத் தொறந்த, கொன்னுருவேன்."

அதன்பிறகு அவள் என் முகத்தையே பார்க்கவில்லை. மடித்த துணியையே திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் ஈயாடவில்லை. போச்சு, ஒன்றுமில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

கூட்டம் தொடங்கியது. படத்தைத் திறந்தேன். வழக்கமான மோதல்களிலிருந்து மட்டும் எவ்வளவு வரும் என்பதைக் கலர் கட்டங்கள் காட்டும். நிஜமாகவே பதிவானதைக் காட்டுபவை கறுப்புப் புள்ளிகள். நான்கு டாப் பிறக்கவே இல்லையென்றால், புள்ளிகள் கட்டங்களின் உயரத்திலேயே நின்றுவிடும்.

கடைசிக் கட்டங்களில் புள்ளிகள் மேலே நின்றன. கொஞ்சநஞ்சமல்ல, நன்றாகவே மேலே. லேப்டாப்பில் ஒருவர் பின் ஒருவராகச் சிரிக்க ஆரம்பித்தார்கள். எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. உலகத்தையே கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது.

"அக்கா, இருக்கு. நாலும் சேந்து பொறக்குது," என்றேன். "ஏன் அப்படி மூஞ்சியத் தூக்கி வச்சிருந்த?"

"மேல நின்னாத்தான் நல்லதா? எனக்கு அது தெரியாதுல்லா. புள்ளியெல்லாம் கட்டத்தத் தாண்டிக் கெடக்கே, எங்கயோ தப்புப் பண்ணிட்டா போலயே, எம்புட்டுப் பேரு முன்னால அசிங்கப்படப் போறாளோன்னு வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்."

சொல்லிவிட்டு என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பொறவு அவளும் அழுதாள்.