வள்ளத்துக்குள் ஒளிந்திருந்த மகள்

1976, ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. மாலை ஆறே காலுக்கு நான் கண்ணை மூடினேன். எல்லாம் அதில்தான் ஆரம்பித்தது.

தூத்துக்குடியில் கடலை ஒட்டிய ஒரு வாசகசாலையில் கச்சேரி. பதினாறு வருடமாகச் சினிமாப் பாட்டைத் தொடாமல், தாங்களே எழுதி மெட்டமைத்த பாட்டுகளை மட்டும் பாடிவரும் குழு அது. எட்டுப் பேரில் ஆறு பேருக்குத் துறைமுகத்தில் வேலை. அன்று கப்பல் வந்துவிட்டது. அதனால் பாடுகிற அம்மாளும், ஆர்மோனியம் வாசிக்கும் அவர் அண்ணனும் மட்டும் வந்திருந்தார்கள். மேடை இல்லை, மைக் இல்லை. முப்பது பேர் சுற்றிப் பாயில் உட்கார்ந்திருந்தோம். அந்த அம்மாள் மூச்சு இழுப்பதுகூடக் காதில் விழுந்தது.

பக்கத்தில் என் ஆறு வயது மகள். எனக்கு நாற்பத்தொரு வயதில் பிறந்தவள். அவள் இருமினாலே டாக்டரிடம் ஓடுகிறவன் நான். அப்படிப்பட்டவன் ஒரு பாட்டில் லயித்துவிட்டேன். கண்ணைத் திறந்தபோது அவள் இல்லை.

வெளியே ஓடினேன். காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. கடலுக்குப் போகாத வள்ளங்களைக் கரையில் வரிசையாக ஏற்றி வைத்திருந்தார்கள். எனக்குத் தண்ணீர் மட்டும்தான் கண்ணில் பட்டது. அலையோரமாகவே கத்திக்கொண்டு ஓடினேன். என் குரலைக் காற்று கொண்டுபோயிற்று. பின்னால் முப்பது பேரும் ஆளுக்கொரு பக்கமாக அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். பதில் இல்லை. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது.

பாடுகிற அம்மாள் என்னை வந்து நிறுத்தினார். "ஆளாளுக்குக் கத்துனா புள்ள பயந்துரும் சார். எல்லாரும் சும்மா இருக்கட்டும். அது கேட்டுக்கிட்டு இருந்த பாட்டையே நாங்க பாடுதோம்."

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "எம் பிள்ளையைக் காணோம், உங்களுக்குப் பாட்டு ஒரு கேடா?"

"பாட்டு உங்களுக்கு இல்ல சார், புள்ளைக்கு" என்றார், கோபமே இல்லாமல்.

அண்ணன்காரர் ஆர்மோனியத்தைத் தூக்கி வந்து ஒரு வள்ளத்தின் விளிம்பில் வைத்தார். "ஏலே, வாயை மூடுங்கலே! எங்க கச்சேரியில இவ்வளவு சத்தமா கை தட்டுனீங்களா, இப்பம் கத்துதீங்க?" என்று ஒரு அதட்டல். கூட்டம் அடங்கியது. இருவரும் பாடினார்கள். அந்த மூன்று நான்கு நிமிடம் நான் எப்படி நின்றேன் என்று எனக்கே தெரியாது.

பல்லவி மூன்றாம் முறை வந்தபோது, கடைசி வள்ளத்துக்குள்ளிருந்து ஒரு சின்னத் தலை எழுந்தது. வள்ளத்தில் ஏறிப் பார்க்கும் ஆசையில் போனவள். சட்டையெல்லாம் மணலாக மெதுவாக நடந்து வந்தாள். அள்ளிக்கொண்டேன்.

"அத்தனை பேர் கூப்பிட்டது கேக்கலையாம்மா?"

"கேட்டுச்சுப்பா. தெரியாதவங்க பேரு சொல்லிக் கூப்பிட்டா வாயே தொறக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? நான் தொறக்கவே இல்ல."

முழு மார்க் வாங்கிய பெருமை அவள் முகத்தில். இரண்டு வருடம் ஆகிறது. அவளுக்கு எதையாவது எச்சரித்துச் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம், நான் சொன்ன சொல்லைக் காப்பாற்ற மூச்சடக்கிக் கிடந்த அந்தப் பிள்ளை நினைவுக்கு வந்து, பாதியிலேயே நிறுத்திவிடுகிறேன்.