அடுத்த வளைவில் தெரியும்

கூடத்தில் தடால் என்று ஒரு சத்தம். மரப்பலகை ஒன்று தரையில் விழுந்து, ஒரு முறை துள்ளி, மறுபடியும் விழுந்த சத்தம்.

குளியலறையில் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் விரலில் ஒட்டியிருந்த நீலப் பெயின்ட்டைத் துடைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தான் பெற்ற பிள்ளை கீழே விழுந்தால் தாய்க்குத் தெரியாதா? அது அவள் எழுதிய பலகை. கண்ணால் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

கதவிடுக்கில் கணவரின் முகம் தெரிந்தது. மூக்குக்கண்ணாடிக் கடையில் ஊராருக்கெல்லாம் பார்வை சரிசெய்து கொடுக்கும் மனிதர், தம் அக்காவின் கண்ணை மட்டும் நேராகப் பார்த்ததில்லை.

"உன் வில்லி வந்திருக்கா," என்று கிசுகிசுத்தார்.

"தனியாவா?"

"பலகையோட. மூஞ்சி சரியில்ல. நான் டீ போடப் போறேன்."

"இப்பதானே குடிச்சீங்க?"

"இன்னொரு தடவை போட்டா என்ன கெட்டுப் போச்சு?" சமையலறைக் கதவுக்குப் பின்னால் மறைந்துவிட்டார்.

அவள் குளியலறைச் சுவரில் காய்வதற்காகச் சாய்த்து வைத்திருந்த புதுப் பலகையைத் திரும்பிப் பார்த்தாள். ஈரம் இன்னும் பளபளத்தது. கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டுவிட்டு, நெஞ்சு படபடக்கக் கூடத்தை நோக்கி நடந்தாள்.

அந்தப் படபடப்பு ஏன் என்று சொல்ல வேண்டுமானால் குன்றுப்பாதையின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

பஸ் டிப்போவின் பின்சுவரை ஒட்டித் தொடங்கி, நீர்த்தேக்கத்தின் கரையைத் தொட்டு, மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஏறி, ஊர் முழுவதும் உள்ளங்கையில் வைத்தது போலத் தெரியும் ஒரு பாறையில் போய் முடிவது குன்றுப்பாதை. கல்யாணமான புதிதில் அவள் அங்கே போனது இயற்கையை ரசிக்க அல்ல, அழ. புகுந்த வீட்டில் இருந்தது இரண்டே அறை. ஒன்றில் மாமியார், இன்னொன்றில் நாத்தனாரின் குரல். ஒரு மருமகள் எங்கேதான் உட்கார்ந்து அழுவாள்? வாசலைத் தாண்டினாள், டிப்போவைத் தாண்டினாள், கண்ணீரும் கம்பலையுமாகக் குன்றில் ஏறினாள்.

அங்கேதான் அந்த அதிசயம் நடந்தது. முதல் வளைவு வரை விம்மினாள். இரண்டாவது வளைவில் விம்மலுக்கும் மூச்சுக்கும் போட்டி வந்தது. ஏற்றத்தில் ஒன்று ஏறலாம், இல்லாவிட்டால் அழலாம். இரண்டையும் சேர்த்துச் செய்யத் தொண்டை ஒத்துழைப்பதில்லை. பாறையை அடைந்தபோது கன்னம் காற்றில் காய்ந்திருந்தது. கீழே தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்த தன் வீட்டைப் பார்த்தாள். இவ்வளவு சின்ன வீட்டிலிருந்தா அவ்வளவு பெரிய சத்தம் வருகிறது என்று நினைத்தாள். சிரிப்பு வந்துவிட்டது.

அன்றிலிருந்து அந்தப் பாதை அவளுக்கு இன்னொரு தாய்வீடு. நகராட்சியில் தண்ணீர்க் கட்டண ஜன்னலுக்குப் பின்னால் பல வருஷம் உட்கார்ந்திருந்தவள், பூங்காப் பிரிவில் குன்றுப்பாதையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று கேள்விப்பட்டதும் தானே போய்க் கேட்டு வாங்கிக்கொண்டாள். கிளை வெட்டுவது, வழுக்கும் இடத்தில் சரளை போடுவது, பெஞ்சுக்குப் பெயின்ட் அடிப்பது எல்லாம் அவள் வேலை. "விசிறிக்கு அடியில இருக்கிற நாற்காலியை விட்டுட்டு மண்வெட்டி கேட்கிறியேம்மா!" என்று அதிகாரி தலையில் கை வைத்துக்கொண்டார்.

எல்லாம் சரிதான். நடக்க ஆள் வேண்டுமே!

'இயற்கையை நேசிப்போம்' என்று பலகை வைத்தாள். காக்காய்தான் உட்கார்ந்தது. 'நடந்தால் இதயம் வலுப்பெறும்' என்று துண்டுச் சீட்டு அச்சடித்துக் கடைகடையாகக் கொடுத்தாள். அதில் சலூன்காரர் சவரக் கத்தியைத் துடைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை நடைக்கு வருபவர்களுக்குத் தொப்பி இலவசம் என்று அறிவித்தாள். அதிகாரியும் அவருடைய டிரைவரும் வந்தார்கள். டிரைவர் தொப்பியை வாங்கிக்கொண்டு காரிலேயே தூங்கிவிட்டார்.

அப்போதுதான் இடி விழுந்தது. ஆளே போகாத பாதை எதற்கு, கம்பிக் கதவு போட்டுப் பூட்டிவிட்டுக் கீழ்ப்பகுதியை டிப்போவுக்குப் பஸ் நிறுத்தக் கொடுத்துவிடலாம் என்று நகராட்சிக் கமிட்டி யோசிக்கத் தொடங்கியது. கமிட்டித் தலைவர் வேறு யாரும் அல்ல, நாத்தனாரின் கணவர். வெளியே சிங்கம். வீட்டில் எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுவது என்பதை மனைவிதான் சொல்வாள்.

அன்று சாயங்காலம் நம்மவள் பஸ்ஸில் கலங்கிய கண்ணோடு வந்துகொண்டிருந்தாள். முன் ஸீட்டில் ஒரு பெண் போனில் யாரிடமோ சண்டை பிடித்தாள். "சாவியை நான் எடுத்தேன்னு யார் சொன்னா? நீ பார்த்தியா? கண்ணால பார்த்தியா?" நம்மவள் கண்ணீரை மறந்து காதைத் தீட்டினாள். சாவி கிடைத்ததா இல்லையா என்று தெரிவதற்குள் அவள் இறங்க வேண்டிய இடம் போய்விட்டது. அதற்கு அடுத்ததும் போய்விட்டது. கடைசியில் அந்தப் பெண் போனைப் பைக்குள் போட்டுவிட்டாள், முடிவும் தெரியவில்லை. பதறி இறங்கிய நம்மவள் திரும்பிப் பார்த்தாள். அவளோடு இன்னும் நாலைந்து பேர் அசட்டுச் சிரிப்போடு இறங்கி, வந்த வழியே நடந்தார்கள்! அவர்களில் சலூன்காரரும் இருந்தார்.

"சாவி யார்கிட்டம்மா இருந்திருக்கும்?" என்று வீடு வரை கேட்டுக்கொண்டே வந்தார்.

இதயத்துக்கு நல்லது என்றால் ஒரு எட்டு வைக்காத ஊர், அடுத்த வீட்டுச் சண்டையின் முடிவுக்காகக் கால் வலிக்க நடக்கிறது! அன்று இரவு அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

நகராட்சிக் கிடங்கில் கிடந்த பழைய அறிவிப்புப் பலகைகளை எடுத்து, முதுகில் வெள்ளை அடித்து, நீலப் பெயின்ட்டால் எழுதி, வளைவுக்கு ஒன்றாகக் கம்பியில் கட்டினாள். டிப்போவுக்குப் பின்னால் இருந்த முதல் பலகை இப்படிச் சொன்னது: 'அன்று காலை அந்த வீட்டில் அலமாரிச் சாவியைக் காணோம். மருமகள் மேல் பழி விழுந்தது. உண்மையில் எடுத்தது யார்? அடுத்த வளைவில் தெரியும்.'

அடுத்த வளைவில் தெரியவில்லை. அதற்கு அடுத்ததிலும் தெரியவில்லை. பாறைக்குப் போனால் பாதி தெரிந்தது. மீதி அடுத்த வாரம்.

முதலில் சலூன்காரர் ஏறினார். அவர் வாய் சும்மா இருக்குமா? கத்தரிக்கோலின் சத்தத்தோடு கதையும் ஊருக்குள் பரவியது. அப்புறம் வந்தவர்கள் கதைக்காக மட்டும் வரவில்லை. தங்கள் வீட்டு விவகாரம் ஏதாவது பலகையில் ஏறிவிட்டதா என்று பார்க்க வந்தார்கள். இல்லை என்று தெரிந்ததும் கொஞ்சம் வருத்தப்பட்டார்கள். லாட்ஜில் தங்க வந்த வெளியூர்க்காரர்களுக்கு, "இவதான் அவ, இந்தத் தெருதான் அந்தத் தெரு" என்று விளக்கிச் சொல்ல ஊர்க்காரர்களே கூட நடந்தார்கள். வெளியூர்த் தம்பதி ஒன்று சாவி கிடைக்காமல் ஊருக்குப் போக மாட்டோம் என்று அறை வாடகையை நீட்டித்தது. பாறையில் உட்கார்ந்து மூச்சு வாங்கும்போது எல்லோரும் நீர்த்தேக்கத்தைப் பார்த்தார்கள். "இது இவ்வளவு அழகா இருக்குன்னு யாருமே சொல்லலியே!" என்று அவளிடமே குறைப்பட்டார்கள்.

'தண்ணி பில் அம்மா' என்ற பழைய பெயர் போய், 'வளைவு அம்மா' என்ற பெயர் வந்தது.

கதை என்றால் ஒரு வில்லி வேண்டாமா? அவளுக்குத் தெரிந்த ஒரே வில்லியை எழுதினாள். கையில் ஒரு சிவப்புப் பையையும் கொடுத்தாள்.

இப்போது அந்தச் சிவப்புப் பை கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் நாத்தனார். தரையில் பலகை.

"வாங்க அண்ணி."

"வர்றது இருக்கட்டும். இந்த ஊர்ல சிவப்புப் பை வச்சிருக்கிறவ யாரும்மா?"

"எத்தனையோ பேர் வச்சிருக்காங்க, அண்ணி."

"கைப்பிடி அறுந்து, பச்சை நூல்ல தச்ச சிவப்புப் பை?"

சமையலறையிலிருந்து கணவரின் குரல் நடுங்கிக்கொண்டு வந்தது. "அக்கா, டீயில சர்க்கரை..."

"நீ பேசாதே! பச்சை நூல் வாங்கிக் கொடுத்தவனே நீதான்!"

சமையலறையில் கரண்டி விழுந்தது.

"நாளைக்குக் காலைல கமிட்டி. தெரியுமில்ல?" நாத்தனார் பையைத் திறந்து மூடினாள். "பாதையை மூடுற காகிதம் எங்க வீட்டு மேஜை மேல கிடக்கு. என்னைக் கேட்காம அவர் பேனாவைத் தொட மாட்டார். கையெழுத்துப் போடுங்கன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

பாவம், அந்த நெஞ்சு என்ன பாடு பட்டிருக்கும்! அழுத கண்ணைத் துடைத்துவிட்ட பாதை, அவளைச் சிரிக்க வைத்த பாறை, எல்லாம் ஒரு கம்பிக் கதவுக்குப் பின்னால் போய்விடுமா? அவள் குனிந்து பலகையை எடுத்தாள். 'அன்று மாலை சிவப்புப் பைக்காரி பெட்டியோடு வீட்டை விட்டு வெளியேறினாள்.' தன் எழுத்தைத் தானே படித்தாள். அப்படியே பார்வை இன்னும் கொஞ்சம் கீழே போனது. நாத்தனாரின் காலுக்கு.

புது ஷூ. நடக்கிறவர்கள் போடும் ஷூ. ஓரமெல்லாம் செம்மண்.

"அண்ணி, இது பாறைக்குக் கீழே இருக்கிற கடைசி வளைவுப் பலகையாச்சே."

"அதனால?"

"அங்கே கார் வராதே?"

அடுத்த தெருவுக்கே காரில் போகிற நாத்தனார் ஜன்னலைப் பார்த்தாள். "காத்து வாங்கலாம்னு போனேன்."

"ஷூ நல்லா இருக்கு. இன்னைக்கு வாங்கின மாதிரி தெரியலியே? அடி தேய்ஞ்சிருக்கு."

"போன வாரமும் போனேன். அதுக்கென்ன இப்போ?"

"அதுக்கு முந்தின வாரம்?"

"ஒரு வாரம் விட்டா கதை எப்படிப் புரியும்!" என்று கத்திவிட்டு, நாத்தனார் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

சமையலறையில் யாரோ இருமினார்கள். அது சிரிப்பாகவும் இருக்கலாம்.

"சிரிக்காதடா!" நாத்தனாரின் குரல் உடைந்தது. கண்ணில் நீர் முட்டியது. "முட்டி வலிக்க வலிக்க ஏறிப் போறேன். தலையில முக்காடு போட்டுக்கிட்டுப் போறேன். போய்ப் பார்த்தா அவளை வெளியே அனுப்பிட்டே! அந்த வீட்டுல அவளும் பொறந்து வளர்ந்தவதானே? நேத்து வந்த பொண்ணு கையில எல்லாச் சாவியும் போயிடுச்சேன்னு அவளுக்கு இருக்காதா? அவ ஏன் கத்துறான்னு ஒரே ஒரு பலகையில எழுதினியாடி நீ? எல்லாப் பலகையிலயும் கத்துறா. எதுக்குக் கத்துறான்னு யாருமே கேட்கல!"

இத்தனை வருஷத்தில் அந்தக் குரல் முதல் முறையாக மெல்லப் பேசியது. மருமகள் அந்தப் பலகையை எழுத்து தெரியாதபடி கவிழ்த்து வைத்தாள். பொய் இல்லை, நிஜமாகவே வெட்கப்பட்டாள்.

"பாறையில உட்கார்ந்து நல்லா அழலாம்னு பார்த்தேன்," என்று நாத்தனார் மூக்கைத் துடைத்தாள். "மூச்சு வாங்கினதுல அழுகையும் வரல. என்ன எழவு பாதையோ!"

"எனக்கும் அப்படித்தான் அண்ணி. முதல் தடவை நான் போனப்பவும் வரல."

"நீ எதுக்குடி அங்கே போய் அழுதே?"

அவள் நாத்தனாரை ஏறிட்டுப் பார்த்தாள். நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள். பச்சை நூலை விரலால் நெருடிக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்க அண்ணி. அவ ஏன் கத்தினா, மனசுல என்ன இருந்துச்சு, எல்லாத்தையும் நீங்க சொல்லுங்க. அப்படியே எழுதறேன்."

"அது ஒண்ணு ரெண்டு பலகையில அடங்காது."

"தெரியும். பாதையில அத்தனை வளைவும் கிடையாது." அவள் பெருமூச்சு விட்டாள். நல்ல நீளமான பெருமூச்சு. "நீர்த்தேக்கத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு பாதி புதர் மண்டிக் கிடக்கு. அதையும் திறந்தா எழுதலாம். இருக்கிறதையே மூடப் போறாங்க. அவ வில்லியாவே இருந்துட்டுப் போகட்டும், விடுங்க."

"விடறதா?" நாத்தனார் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அவர் எப்படி மூடுறார்னு நானும் பார்க்கிறேன்! அந்தப் பாதியைத் திறக்க இன்னைக்கே தனியா ஒரு காகிதம் எழுதச் சொல்றேன். புதர் வெட்ட ஆள் நான் அனுப்பறேன். ஆனா ஒண்ணு. முதல் பலகையிலயே அவ கண்ணுல தண்ணி வரணும்."

"தாரை தாரையா வரும் அண்ணி."

"அந்த மருமக வந்து அவளைக் கட்டிப் பிடிச்சு அழணும்."

"அதைக் கடைசி வளைவுல வைப்போம். அப்பதான் எல்லாரும் ஏறுவாங்க."

நாத்தனார் ஒரு கணம் யோசித்துத் தலையாட்டினாள். "ஆமா. சும்மா கீழேயே கொடுத்துடக் கூடாது."

டீ வந்தது. கையைத் துடைக்கத் துண்டு எடுக்கக் கணவர் குளியலறைத் தாழ்ப்பாளைத் திறந்தார். உள்ளே ஈரம் காயாமல் நின்ற பலகையைப் படித்தார். 'பெட்டியோடு போனவள் தெருமுனையில் நின்று திரும்பிப் பார்த்தாள். அவள் கத்தியதெல்லாம் எதற்காக என்று இதுவரை யாரும் கேட்கவில்லையே, ஏன்?' அவர் மனைவியைப் பார்த்தார். அவள் கூரையைப் பார்த்தாள். அவர் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளை மறுபடி போட்டுவிட்டு, அக்காவுக்கு இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினார்.

நாத்தனார் எழுந்தாள். பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"நான் அனுப்பிடறேன் அண்ணி, அது கனம்."

"கழற்றினவ நான். நானே போய் மாட்டறேன். சாயங்காலம் யாராவது ஏறி வந்தா கதை புரியாம நிக்க மாட்டாங்களா?"

வாசல் வரை போனவள் நின்றாள். தம்பி சமையலறையில் இருக்கிறானா என்று எட்டிப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"ஏம்மா... பையோட நிறத்தை மட்டும் மாத்திடாதே. சிவப்பாவே இருக்கட்டும்."

கதவு சாத்திக்கொண்டது.