மீன் வண்டிக்கு வீல் மூடி

வண்டி பாடி கட்டுற தொழில்ல, நல்லா செஞ்ச வேலையை ஒருத்தரும் குனிஞ்சு பார்க்க மாட்டாங்க. ஒழுகினா மட்டும் பட்டறை பேர் ஊர் பூரா தெரிஞ்சுடும். செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கி, அதுக்குள்ள கடை வெச்சு, அதோட மாரடிச்சுகினு இருக்கிற அத்தனை பேருக்கும் நான் சொல்றது புரியும். திருத்தணியில ரொம்ப வருஷமா பட்டறை வெச்சிருக்கேன். எல்லாருக்கும் நான் பாய்.

ஐஸ் மேல சேறு

கே.ஜி.கண்டிகை ஸ்டெல்லா சின்ன லோடு வண்டியில மீன் விக்கிறவங்க. அவங்களே ஓட்டுவாங்க, அவங்களே வெட்டித் தருவாங்க. ஞாயித்துக்கிழமை பொதட்டூர்பேட்டையில தறி நெய்யற வீடுங்கதான் முக்கிய வியாபாரம். வண்டிக்குள்ள பின்சக்கரத்துக்கு மேல, தரையில ஒரு தகர மூடி எழும்பி நிக்கும் பாருங்க, அது ரெண்டு பக்கமும் துருப்பிடிச்சு ஓட்டையாயிடுச்சு. மழை பெஞ்சா சக்கரம் வாரி அடிக்கிற சேறு நேரா ஐஸ் மேல.

ஒரு அம்மா கட்லா மீனை வாங்கிப் பார்த்துட்டுத் திருப்பிக் குடுத்துட்டாங்களாம். அந்த அவமானத்துல ரெண்டு ஞாயிறா இவங்க அந்தப் பக்கமே போகலை. அந்த ஊருக்கு வேற மீன் வண்டி வர ஆரம்பிச்சிருக்குன்னு கேள்வி. மூணாவது வாரமும் போகலைன்னா வாடிக்கை மொத்தமா கைவிட்டுப் போயிடும்ங்கிற பயம் முகத்துலயே தெரிஞ்சுது. வாய் மட்டும் குறையலை.

"என் மீன் சுத்தம் பாய். இந்த ரோடுதான் அது மேல ஏறி உக்காந்துகினு வருது!"

போன்ல வாங்கின மூடி

எங்கிட்ட வர்றதுக்கு முன்னாடி, போன்ல பார்த்து ஃபைபர் மூடி ஒரு ஜோடி வரவழைச்சிருந்தாங்க. போட்டோவுல கச்சிதமா இருந்துச்சாம். வந்தது ஏதோ பெரிய லாரிக்கானது. அதை வண்டிக்குள்ள வெச்சா மீனுக்கு இடமில்லை, மூடி மட்டும்தான் ஊர் சுத்திப் பார்க்கலாம். நான் சிரிச்சுட்டேன். சிரிச்சிருக்கக் கூடாது, நானும் இப்படி போனைப் பார்த்து ட்ரில்லிங் மெஷின் வாங்கி ஏமாந்தவன்தான். திருப்பி அனுப்பிடுங்கன்னேன்.

"எதுக்கு? கவுத்துப் போட்டா தொட்டி மாதிரி கீது, அதுலதான் மீன் கழுவிகினு இருக்கேன். நீங்க செய்யற மூடி அதுக்காவது உதவுமா பாருங்க!"

கிருத்திகை அன்னிக்கு அளவு

ஆடிக் கிருத்திகை அன்னிக்கு எங்க ஊர்ல மீனை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க. அதனால ஸ்டெல்லா அன்னிக்கே வண்டியைக் கொண்டாந்து விட்டாங்க. ஐஸ் பெட்டி வைக்க இடம் வேணும், மூடி எவ்ளோ தாழ்வா முடியுமோ அவ்ளோ தாழ்வா இருக்கணும்னு உத்தரவு.

அளவெடுக்கிறதுல எங்க பட்டறைக்கு ஒரு வழக்கம். என் கூட்டாளி எல்லப்பாவும் பக்கத்துக் கடைக்காரங்க நாலஞ்சு பேரும் வண்டியில ஏறி உக்காருவாங்க. பாரத்துல வண்டி இறங்கும். அப்பத்தான் சக்கரம் எதுவரைக்கும் மேல வரும்னு தெரியும். அன்னிக்கு எல்லப்பா காவடி விரதம், மத்தவங்களும் விரதம். மீன் வண்டியில எவன் ஏறுவான்? எல்லப்பா மூக்கைப் பொத்திகினு பத்தடி தள்ளி நின்னான். சின்ன வண்டிதானே, டயருக்கும் மூடிக்கும் நடுவுல ரெண்டு விரல் இடைவெளி போதும்னு வெறும் வண்டிக்கே அளவெடுத்து தகட்டை வெட்டி மாட்டிட்டேன். என் கொழுப்பு, வேறென்ன. எல்லப்பா அப்பவே கேட்டான்.

"வெறும் வயித்துக்கு அளவெடுத்து சட்டை தைக்கிறியே பாய், தின்னப்புறம் பட்டன் நிக்குமா?"

பொதட்டூர்பேட்டை ரோட்டுல

ஞாயித்துக்கிழமை காலையில ஸ்டெல்லாகிட்டருந்து போன். ரப்பர் கருகுற நாத்தம் வருது, வண்டியை ஓரம் கட்டிட்டேன்னாங்க. எல்லப்பாவை பைக்ல ஏத்திகினு பறந்தேன். பொதட்டூர்பேட்டைக்கு இன்னும் ரெண்டு கிலோமீட்டர் இருக்கு. ஐஸ் பாரத்துல வண்டி இறங்கி, டயர் என் புது மூடியில உரசிகினு நிக்குது. ஸ்டெல்லா ஒரு வார்த்தை திட்டலை. திட்டியிருந்தா தேவலை. ஐஸ் உருகி ஒழுகுறதையே பார்த்துகினு நின்னாங்க.

பெட்டிங்களை வேப்பமர நிழல்ல இறக்கி, ஜாக்கி போட்டு, சக்கரத்தைக் கழட்டி, நான் அடியில படுத்து தகட்டை சுத்தியால மேல தட்ட ஆரம்பிச்சேன். விரதம் முடிச்ச எல்லப்பா மீன் பெட்டியைத் தோள்லயே தூக்கினான். ரெண்டாவது சக்கரத்தைக் கழட்டும்போது ஒரு பைக் வந்து நின்னுது. அப்புறம் இன்னொண்ணு. அடியில படுத்திருந்த எனக்கு வரிசையா செருப்புதான் தெரியுது. நெசவுக்காரங்க, கையில பையும் பாத்திரமுமா. ஸ்டெல்லா வண்டி வழியில நிக்குதுன்னு பஸ்ல வந்தவங்க யாரோ சொன்னாங்களாம். அந்த இன்னொரு மீன் வண்டி ஊருக்குள்ளதான் நிக்குது. அதை விட்டுட்டு இவங்களைத் தேடி வந்திருக்காங்க! மூடி சரியாகறதுக்குள்ள முக்கால்வாசி மீன் மரத்தடியிலயே வித்துப்போச்சு.

க்ரீஸ் கையோட வெளிய வந்து, தப்பு என்னுதும்மா, மன்னிச்சுடும்மான்னேன். அவங்க முந்தானையால கண்ணைத் துடைச்சுகினே சிரிச்சாங்க.

"விடுங்க பாய். நீங்க ஒழுங்கா செஞ்சிருந்தா, இவங்க எனக்காக இவ்ளோ தூரம் வருவாங்கன்னு எனக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்?"

திட்டு வாங்கின வேலையெல்லாம் அன்னிக்கே மறந்துடுவேன். தப்பா செஞ்சு பாராட்டு வாங்கின இந்த ஒரு வேலைதான் இன்னமும் என்னை நிம்மதியாத் தூங்க விடலை.