அப்பாவின் பூப்பட்டி

எங்கள் ஊரில் எத்தனையோ அப்பாமார் இருந்தார்கள். ஆமிக்காரர் கட்டுவது போன்ற பட்டியைச் செவ்வரத்தம் பூப் போட்ட துணியில் தைத்து, அதைக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் நடந்தவர் என் அப்பா ஒருவர்தான். இதையும் ஒரு பெருமையென்று சொல்வார்களா என்று யாராவது கேட்டால், ஓம், நான் சொல்வேன். இன்றைக்கும் சொல்கிறேன்.

நெடுங்கேணிக்கு அப்பால், காடு தொடங்கும் இடத்தில் எங்கள் வீடு இருந்தது. அப்பா தண்ணீர்ப் பம்புகள் திருத்துவார், அம்மா தையல் வேலை செய்வார். யுத்தத்தில் அப்பாவின் வலது கால் முழங்காலுக்கு மேலேயே போய்விட்டது. செயற்கைக் கால் ஒன்று கொடுத்திருந்தார்கள். அதைப் போட்டு மணலில் நடந்தால் புண் வந்துவிடும் என்பதால் இரண்டு ஊன்றுகோல்களை அக்குளுக்குள் கொடுத்துத்தான் எங்கும் போவார். நடையில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. சாமான் கொண்டுபோவதுதான் தொல்லை. கை இரண்டும் ஊன்றுகோலில் இருக்கும். தோளில் பை கொழுவினால் ஒவ்வொரு எட்டுக்கும் அது முன்னுக்கு ஆடிவந்து ஆளைச் சரிக்கும். ஒருநாள் சந்தையால் வரும்போது அப்படித்தான் விழுந்து, கத்தரிக்காயெல்லாம் வீதியில் உருண்டது. நாலு பேர் ஓடிவந்து பொறுக்கிக் கொடுத்தார்கள். அந்த நாலு பேரின் இரக்கம்தான் அவருக்கு விழுந்ததைவிட நொந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு நடந்து போகும் பயணம் எதற்கும் அவர் வரவில்லை.

அந்தக் காலத்தில்தான் அம்மாவின் தம்பி, என் மாமா, கனடாவிலிருந்து வந்தார். எல்லாருக்கும் சொக்கலேற் கொடுத்தபின் அப்பாவுக்கென்று ஒரு பொதியை அவிழ்த்தார். அகலமான இடுப்புப்பட்டி, முதுகில் குறுக்காகப் போகும் இரண்டு தோள்பட்டிகள், இடுப்பைச் சுற்றி மூடியுள்ள சின்னப் பைகள். எல்லாம் பச்சையும் மண்ணிறமுமாய்த் திட்டுத் திட்டாக இருந்தன.

“அங்க மலையேறப் போற சனமெல்லாம் உதைத்தான் கட்டுது அத்தான். ரெண்டு கையும் சும்மா இருக்கும்” என்றார் மாமா.

அப்பா அதை மடியில் வைத்துத் தடவினார். “அட, கோல்சர்” என்றார், பழைய சிநேகிதனை வீதியில் கண்டவர் மாதிரி. சண்டைக் காலத்தில் தோட்டா வைக்கக் கட்டிய பட்டிக்கு அப்படித்தான் பேர். அம்மா குசினிக்குள்ளிருந்து வந்து அதைப் பார்த்தார். எங்கள் அம்மா சாதாரணமாகச் சத்தம் போடுகிற ஆளில்லை. அன்றும் சத்தம் போடவில்லை.

“உந்த நிறத்தைக் கட்டிக்கொண்டு றோட்டில இறங்கினா ஆமிக்காரர் இவரைத்தான் மறிப்பாங்கள். நீ கொண்டுவந்தமாதிரியே கொண்டுபோ” என்றார் தம்பியிடம். பொதி மறுபடி கட்டப்பட்டது. அப்பாவின் கை கடைசிவரை அந்தப் பட்டியில்தான் இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரமே பள்ளிக்கூடத்தில் காட்டுக்குளத்துக்கு நடைப்பயணம் என்று அறிவித்தார்கள். யானைப் பயம் இருந்ததால் ஒவ்வொரு பிள்ளையோடும் வீட்டிலிருந்து ஒரு பெரியவர் வரவேண்டும். ரீச்சர் என்னை மட்டும் பக்கத்தில் கூப்பிட்டு, அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா என்று அன்பாகச் சொன்னார். அந்த அன்புதான் எனக்குச் சுள்ளென்று ஏறியது. என் அப்பாதான் வருவார் என்று வகுப்புக்கே கேட்கும்படி சொன்னேன். பின்வாங்கில், கடைசிப் பெஞ்சில், இருந்த ஒருவன், உன்ர அப்பா பாதிவழியில டிராக்டர் பிடிப்பார் என்றான். போகவும் வரவும் நடந்துதான் வருவார் என்று நானும் வாய்விட்டேன். வாய் விட்டாயிற்று. இனி அப்பா நடந்தாக வேண்டும்.

வீட்டில் இதைச் சொன்னபோது அப்பா கூரையைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய் யன்னலில் தொங்கிய புதுச் சீலையைக் கழற்றினார். வெள்ளையில் பெரிய பெரிய செவ்வரத்தம் பூக்கள். அகதி முகாமில் கூரையாய்க் கட்டியிருந்த தறப்பாள் துண்டை உள்ளே கொடுத்து, கடையில் வாங்கிய தடித்த நாடாவை வைத்து, இரண்டே நாளில் கோல்சரைத் தைத்து முடித்தார். மாமா கொண்டுவந்ததை மாதிரிக்குக்கூட எடுத்துப் பார்க்கவில்லை. அப்பா அதைக் கட்டிக்கொண்டு முற்றத்தில் நின்றபோது மாமா விழுந்து விழுந்து சிரித்தார். “அத்தான், காட்டுக்கோ போறியள், கலியாண வீட்டுக்கோ?”

“ரெண்டுக்கும் ஒரே உடுப்புத்தான்” என்றார் அப்பா. அவர் அப்படிப் பகிடி விட்டு எவ்வளவு காலமாகிவிட்டது.

பயணத்தன்று காலையில் பள்ளிக்கூட வாசலில் சாப்பாட்டு டிராக்டர் நின்றது. ரீச்சர் அப்பாவிடம் வந்து, “அண்ணை, இதில ஏறி வாங்கோவன், எங்களுக்கும் சாப்பாட்டுக்குக் காவல்” என்றார். கௌரவமாகத்தான் கேட்டார். அப்பா சிரித்தபடி, “இல்லை ரீச்சர், நான் மகளோட நடக்கிறன்” என்றார். நான் ஓடிப்போய் அவருடைய ஊன்றுகோலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

மதகடியில் இரண்டு ஆமிப் பெடியன்கள் நின்றார்கள். அவர்களுடைய இடுப்பிலும் பட்டி, குறுக்கே தோள்பட்டி, சுற்றிவரப் பைகள். நிறம்தான் வேறு. ஒருவன் அப்பாவை மேலும் கீழும் பார்த்தான். பெரியவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அவன் ஒரு பூவை விரலால் காட்டி, அழகாயிருக்கிறது என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தான். அப்பாவும் சிரித்தார். நான் தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

மற்றப் பெரியவர்களைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஒரு கையில் குடை, ஒரு கையில் தண்ணீர்ப் போத்தல், தோளில் பை, பை நழுவ நழுவ இழுத்துவிடுதல். என் அப்பாவின் பைகளோ இரண்டு பக்கமும் சமபாரமாய் இடுப்போடு ஒட்டிக்கிடந்தன, அசையவேயில்லை.

ஓடை வந்தது. தண்ணீர் வற்றி வெறும் மணல். முதல் ஊன்றிலேயே கோல் சாண் ஆழத்துக்குப் புதைந்தது. அப்பா நின்றுவிட்டார். முன்னால் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பின்வாங்குக்காரனும் பார்த்தான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, நான்தான் அவரை இந்த மணலில் கொண்டுவந்து நிறுத்தியவள். அப்பா அவசரப்படவில்லை. ஒரு மருத மரத்தில் சாய்ந்து, குனியாமல் பார்க்காமல் இடதுபக்கப் பையைத் திறந்தார். டயரில் வட்டமாக வெட்டிய இரண்டு றப்பர் தட்டுகளை எடுத்து ஊன்றுகோல்களின் அடியில் மாட்டினார். பிறகு ஓடையைக் கடந்தார். தட்டுகள் மணலில் பதிந்த தடம் யானைக்கன்று நடந்ததுபோல இருந்தது.

குளத்தடியில் பாலைப்பழம் பொன்னாய்ப் பழுத்துக் கிடந்தது. சும்மா விடுவோமா? தின்று தின்று, பழத்தின் பாலில் எல்லாருடைய உதடும் ஒட்டிக்கொண்டது. அப்பா வலதுபக்கப் பையிலிருந்து சின்னத் தேங்காய் எண்ணெய்ப் போத்தலை எடுத்தார். வகுப்பு முழுவதும் என் அப்பாவின் முன்னால் வரிசையில் நின்றது, அவர் ஒவ்வொரு உதட்டிலும் ஒரு சொட்டு வைத்தார். பின்வாங்குக்காரனும் வாய் திறக்க முடியாமல் வந்து நின்றான். அந்த வாய்க்கு எண்ணெய் கொடுக்கவேண்டாம் என்று நினைத்தேன், அப்பா கொடுத்தார். வாய் திறந்ததும் அவன் முதலில் கேட்டது, “மாமா, உது எங்க வாங்கினது?”

“என்ர அம்மா தைச்சது” என்று நான் முந்திக்கொண்டேன்.

திரும்பும்போதும் அப்பா நடந்துதான் வந்தார். டிராக்டரில் மற்ற அப்பாமார் மூன்று பேர் ஏறியிருந்தார்கள்.

அடுத்த நாளே வகுப்பில் எனக்கு ராசாத்தி மரியாதை. பூப்பட்டி எங்களுக்கும் வேண்டும் என்று நாலு பேர் துணியோடு வந்தார்கள். அம்மா தைத்துத் தருவா என்று நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். அம்மா எந்தத் தையலையும் மாட்டேன் என்று சொல்லி நான் கேட்டதில்லை. துணிகளை மெசின் மேல் வைத்துவிட்டு, அளவெடுக்க வசதியாகக் கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றேன். எல்லாரும் என்னளவுதான் என்றேன்.

அம்மா அளவுநாடாவை என் இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்தார். முனைகள் இரண்டும் சேர்ந்த இடத்தில் அவருடைய கை நின்றுவிட்டது. நாடா கீழே விழுந்தது.

“பிள்ளையளின்ர அளவில உது இனி நான் தைக்கமாட்டன்” என்றார்.

கொடுத்த வாக்கு என்னாவது? எனக்கு ஆத்திரம் பொங்கியது. அப்பாவிடம் முறையிட ஓடினேன். அவர் பம்பைக் கழற்றியபடி, நிமிராமல் சொன்னார். “விடு பிள்ளை. முந்தி இயக்கத்துக்கு உந்த அளவில நிறையத் தைச்சுப்போட்டா.”

நிறையத் தைத்தவருக்கு இன்னும் நாலு தைக்க என்ன கஷ்டம் என்று கேட்டேன். அப்பா பம்பின் அடுத்த ஆணியைக் கழற்றத் தொடங்கினார்.

அம்மா அந்தத் துணிகளில் நாலு புத்தகப் பை தைத்தார், எனக்கும் சேர்த்து ஐந்து. கூலி வாங்கவில்லை. திங்கட்கிழமை காலையில் நாங்கள் ஐந்து பேரும் பூப்பைகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஒழுங்கையில் இறங்கினோம். திரும்பிப் பார்த்தபோது அம்மா வாசல் படலையைப் பிடித்தபடி, வளைவில் நாங்கள் மறையும்வரை எங்கள் முதுகுகளையே பார்த்துக்கொண்டு நின்றார். தையல் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறாவாக்கும் என்று நினைத்து, பை நன்றாகத் தெரியும்படி முதுகை இன்னும் நிமிர்த்திக்கொண்டேன்.