தாளின் வலது மேல் மூலை

என் அண்ணி ஒரு ஹோட்டல் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறார். பகலெல்லாம் நீராவியில் வெந்துவிட்டு, வியாழன் மாலையானால் ஆலயத்தின் பின்னறைக்குப் பாடகர் குழுப் பயிற்சிக்கு ஓடி வருவார். அவர் ஆல்டோ, பெண்களின் தாழ்ந்த குரல். நானும் அதே குழுவில்தான், பாஸ், ஆண்களின் அடிக்குரல். அண்ணன் வரமாட்டார். வீட்டுக்கு ரெண்டு கழுதை போதும் என்பார்.

பாடகர் குழுவில் ஆல்டோ என்றால் பெரிய குடும்பத்தில் மூத்த மருமகள் மாதிரி. சுமை அவளுக்கு, பெயர் இன்னொருத்திக்கு. மெட்டைப் பெண்களின் உச்சக்குரலான சோப்ரானோ கொண்டுபோய்விடும், கம்பீரத்தை நாங்கள் பாஸ்காரர்கள் எடுத்துக்கொள்வோம். ஆல்டோ நடுவில் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். சபை முழுக்கச் சேர்ந்து பாடும் கோரால், குரல்கள் ஒன்றையொன்று துரத்தும் மோட்டெட், இறந்தவர்களுக்கான ரெக்வியம் எதுவானாலும் சரி, எழுதிய மகான்கள் இந்த ஒரு விஷயத்தில் ஒற்றுமையாக இருந்திருக்கிறார்கள். பயிற்சி அறைச் சுவரில் அவர்கள் படங்கள் உண்டு. எல்லாரும் பொய்முடி வைத்த ஆண்கள், எல்லாரும் செத்துப்போனவர்கள். உயிரோடு இருக்கிறவர் எழுதியதை இந்தக் குழு பாடாது என்பது குழுவை நடத்தும் எங்கள் மாஸ்டர் போட்ட சட்டம்.

அண்ணிக்கு அலுத்துவிட்டது. ஆல்டோவுக்கே மெட்டைக் கொடுத்து ஒரு மோட்டெட் எழுத உட்கார்ந்தார். இஸ்திரி போடும்போது முணுமுணுப்பார், சமையல் மேடையில் தாளை வைத்து எழுதுவார், மறுநாள் அழிப்பார். அது முடிய இரண்டு வருஷம் ஆனது. பாஸ் வரியைச் சரிபார்க்க நான்தான் சோதனை எலி.

"தம்பி, அந்த இடத்துல மூச்சு விடாதீங்க. நீங்க விட்டா நாலு குரலும் கவுந்துடும்."

"விடாம செத்துட்டா?"

"அப்பத்தான் உங்க பாட்டையும் மாஸ்டர் சேர்த்துக்குவாரு."

மாஸ்டர் அதை ஆர்கனில் ஒருமுறை வாசித்தார். மறுபடியும் வாசித்தார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, மனிதர் ஆடிப்போய்விட்டார் என்று.

"ரொம்ப நல்லா வந்திருக்கும்மா. ஆனா உங்க பேரப் போட்டா ஒருத்தரும் மதிச்சுப் பாட மாட்டாங்க. இப்போதைக்கு 'இயற்றியவர் தெரியவில்லை'ன்னு போடுவோம். ஜனங்களுக்குப் பிடிக்கட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்."

வேண்டாம் அண்ணி, சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று படியிறங்கும்போதே சொன்னேன். கேட்கவில்லை. பாட்டு ஒலித்தால் போதும் என்ற ஆசை அன்று அவருக்குப் பெரிதாக இருந்தது.

ஒலிக்கவும் செய்தது. முதல்முறை பாடியபோது சபையில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்தார்கள். அந்த உற்சாகத்தில் மாஸ்டர் மைக்கைப் பிடித்து, முந்நூறு வருஷத்துக்கு முன் ஏதோ ஒரு மடத்தில் பெயர் தெரியாத துறவி எழுதியிருக்கலாம் என்று அளந்துவிட்டார். பழம் நழுவிப் பாலில் விழுந்தது, அவருக்கு. தொலைந்த பாட்டைத் தேடியெடுத்த அறிஞர் என்று பேர். மற்ற ஆலயங்கள் பிரதி வாங்கிப் போயின. சாவு வீடுகளிலும் பாடினார்கள். அண்ணி கேட்கும்போதெல்லாம் "அப்புறம், அப்புறம்." இனி உண்மையைச் சொன்னால் அவர் பொய்யர் ஆக வேண்டும். எந்த மாஸ்டர் ஆவார்?

"எனக்கு வேற எதுவும் வேணாம் தம்பி," என்றார் அண்ணி ஒருநாள். "தாள்ல வலது பக்கம் மேல, எழுதினவங்க பேர் போடுற இடம் இருக்குல்ல, அங்க என் பேர் இருக்கணும். அவ்வளவுதான்."

பதினோரு வருஷம் கழித்து மாஸ்டர் ஓய்வு பெற்றார். வழியனுப்பு விழாவில் ஆலயம் நிரம்பி வழிந்தது. கடைசிப் பாட்டாக அந்த மோட்டெட்டை அறிவித்ததும் அண்ணி வரிசையிலிருந்து ஓரடி முன்னே வந்தார். எல்லார் காதிலும் விழும்படி கேட்டார்:

"மாஸ்டர், இன்னைக்காவது சொல்லிடுங்க. இத எழுதினது யாரு?"

மாஸ்டர் வெலவெலத்துப் போனார். ஒரு கணம்தான். பிறகு கண்ணை மூடி, கையை மேலே உயர்த்தினார்.

"இப்படிப்பட்ட பாட்டுக்கு மனுஷப் பேர் எதுக்கும்மா? எழுதினது யாரா இருந்தாலும், கொடுத்தது கடவுள்தானே!"

ஆலயமே ஆமென் என்றது. கை தட்டினார்கள். பக்தியைக் காட்டித் திருடுகிறவனைப் பிடிக்க எந்தச் சட்டமும் கிடையாது. "எழுதினது எங்க அண்ணி!" என்று பின்வரிசையிலிருந்து கத்தினேன். கைதட்டலில் அது யாருக்குக் கேட்டது?

மாஸ்டர் கையசைத்தார். ஆர்கன் தொடங்கிவிட்டது. அண்ணி தன் இடத்துக்குத் திரும்பி, வாயை இறுக மூடிக்கொண்டார். எனக்குப் புரிந்தது. மெட்டு ஆல்டோவிடம் இருக்கிறது, ஆல்டோவைத் தாங்குவது அவர் குரல். அவர் பாடாவிட்டால் பாட்டு நடுவில் விழும், ஏன் என்று எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

பாட்டு விழவில்லை. மற்ற ஆல்டோக்களுக்கு ஒவ்வொரு சுரமும் மனப்பாடம். யார் பாடினாலும் நிற்கிற மாதிரி அவ்வளவு உறுதியாக எழுதி வைத்திருந்தார் அண்ணி. அன்றைக்குப் போல் அது என்றுமே ஒலித்ததில்லை. மாஸ்டர் அழுதார்.

முடிந்ததும் பக்கத்தில் நின்ற ஆல்டோ, பாலர் பள்ளி டீச்சர், அண்ணியின் தோளைத் தொட்டாள்.

"என்னக்கா, இன்னைக்கு நீங்க பாடவே இல்ல? தொண்டை சரியில்லையா?"

"ஆமாம்மா," என்றார் அண்ணி.