ஒட்டு விட்ட ஷூவும் சீன வாய்மொழித் தேர்வும்

என் மகளுக்கு இரண்டாம் மொழியாகச் சீனத்தைத் தேர்ந்தெடுத்தது யார்? கணவர் என்னைச் சொல்வார், நான் அவரைச் சொல்வேன். மகளோ, நாங்கள் இருவரும் யோசித்துக்கொண்டே இருந்ததால் பள்ளிப் படிவத்தில் தானே டிக் போட்டுவிட்டதாகச் சொல்கிறாள்.

கணவருக்கு ஆம்பூரில் ஒரு ஷூ தொழிற்சாலையில் வேலை. மகள் சிறுமியாக இருந்தபோது அந்த வேலைக்காகவே சில ஆண்டுகள் சீனாவில் இருந்தோம். திரும்பி வந்ததும் வேலூர்ப் பக்கம், வெளிநாட்டுப் பாடத்திட்டம் உள்ள ஒரு பள்ளியில் சேர்த்தோம். அங்கே பத்தாம் வகுப்புத் தேர்வுக்குச் சீன மொழியும் எடுக்கலாம். அதற்கான ஆசிரியை கம்ப்யூட்டர் திரையில்தான் வருவார்.

எழுதுவதை அவள் சமாளித்தாள். அவள் பேசுவதை நினைத்தால்தான் எனக்குப் பயம். வாய்மொழித் தேர்வில் மதிப்பெண் குறைந்தால் மேல்வகுப்பில் அவள் கேட்கும் பாடம் கிடைக்காது. சீனாவில் இருந்தபோதும் நானும் கணவரும் அந்த மொழியைக் கற்கவில்லை; வீட்டில் அவளோடு சீனத்தில் பேச ஆள் இல்லை. தமிழையே எடுக்க வைத்திருக்கலாமோ என்று தினமும் நினைப்பேன்.

அந்தச் சமயத்தில் கணவரின் தொழிற்சாலைக்குச் சீனாவிலிருந்து ஒரு இளம்பெண் டெக்னீஷியனாக வந்தாள். ஓட்டல் காரம் ஒத்துக்கொள்ளாமல் அவள் வயிறு கெட்டுப்போக, ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவர் வீட்டுக்கு அழைத்து வந்தார். மிளகாய் போடாத முட்டைப் பொரியலும் ரசமும் வைத்தேன். பிறகு எல்லா ஞாயிறும் வந்தாள். சாப்பிட்டுவிட்டு அவளும் என் மகளும் தரையில் உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசுவார்கள், சிரிப்பார்கள். எனக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனால் மனம் நிறைந்திருக்கும். என்ன பேசுகிறார்கள் என்று மட்டும் கேட்காமல் விட்டேன்.

மாதிரித் தேர்வு அன்று ஆசிரியை திரையில் ஒரு படம் காட்டி, அதைப் பற்றிச் சீனத்தில் பேசச் சொன்னார். பூங்காவில் அப்பா, அம்மா, பிள்ளைகள். மகள் மளமளவென்று பேசினாள். ஆசிரியை வாயைப் பொத்திக்கொண்டார். பிறகுதான் எனக்கு விளக்கினார். படத்திலிருந்த பையனின் ஷூவில் முன்பக்கம் சோல் ஒட்டு விட்டிருக்கிறதாம், தையல் கோணலாம், இந்த ஜோடியைப் பெட்டியில் வைக்காமல் தயாரிப்பு லைனுக்குத் திருப்பி அனுப்ப வேண்டுமாம். மரம், குடும்பம் எதைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை.

வாணியம்பாடியிலிருந்து வந்திருந்த என் நாத்தனார் இதைக் கேட்டுவிட்டு, "அண்ணி, பொண்ணைப் பரீட்சைக்கு அனுப்புறீங்களா, இன்ஸ்பெக்‌ஷனுக்கு அனுப்புறீங்களா?" என்றாள். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் பேஜாராகத்தான் இருந்தது.

கணவர் சொல்லி விஷயம் தெரிந்ததும் அந்த டெக்னீஷியன் தலையில் கை வைத்துக்கொண்டாள். வாரம் முழுவதும் தான் பார்க்கிற வேலையைத்தானே பேச முடியும், பாவம். அடுத்த ஞாயிறு மகளை பஜாருக்கு அழைத்துப் போனாள். கத்திரிக்காய், பேருந்து, மருந்துக்கடை, மழை என்று பேசிக்கொண்டே நடந்தார்களாம். தன் அம்மாவை விட்டு இவ்வளவு தூரம் வந்த பெண், கிடைக்கிற ஒரே விடுமுறையை என் பிள்ளைக்காகச் செலவழிக்கிறாள். இந்த நன்றியை அவள் மொழியில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ரசத்தை இன்னொரு கரண்டி ஊற்றுகிறேன்.

இப்போது தேர்வில் அவள் பேசப்போகும் தலைப்பை முன்கூட்டியே ஆசிரியையிடம் கொடுக்க வேண்டும். மற்ற பிள்ளைகள் 'என் விடுமுறை' என்று மனப்பாடம் செய்கிறார்கள். அதுதான் பாதுகாப்பு என்கிறார் ஆசிரியை. ஆனால் குறுக்கே ஒரு கேள்வி கேட்டால் அவர்களில் பலர் நின்றுவிடுகிறார்களாம், இவள் பிழையோடாவது பேசிக்கொண்டே போகிறாள் என்றும் அவரே சொல்கிறார்.

மகள் முடிவு செய்துவிட்டாள். "ம்மா, லீவுல நான் எங்கயும் போகல. இன்னான்னு சொல்றது? ஷூ பத்தின்னா அவங்க போதும்னு சொல்ற வரைக்கும் பேசுவேன்."

இந்த வாரம் பதில் அனுப்ப வேண்டும். இப்படி வாய்மொழித் தேர்வுக்குப் பிள்ளைகளை அனுப்பிய பெற்றோர் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து எழுதுங்கள். அவள் விருப்பத்துக்கே விட்டுவிடட்டுமா, இல்லை ஆசிரியை சொல்வதைக் கேட்கட்டுமா?